கத்திரி வெயிலும் கல்லூரி ஓட்டக்காரர்களும்

கத்திரி வெயில் வந்தால் ஊரே நிழல் தேடும். கல்லூரி ஓட்டக்காரர்களுக்கு மட்டும் அப்போதுதான் வேலை ஆரம்பம். பரீட்சை முடிந்து கல்லூரி திறக்கும் வரைக்கும் கிடைக்கிற லீவில்தான் 5000, 10,000 மீட்டர் ஓடுகிறவர்கள் நிம்மதியாகக் கிலோமீட்டர் சேர்க்க முடியும். திருவண்ணாமலையில் அதற்கென்றே அமைந்த மாதிரி ஒரு பாதை இருக்கிறது. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. கட்டணம் கிடையாது, கேட் கிடையாது. பௌர்ணமிக் கூட்டத்தைத் தவிர்த்துவிட்டால் ஓட்டக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

சிக்கல் பாதையில் இல்லை. மைதானங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. "வெயில்ல ஓடினாத்தான் உரம் ஏறும்." "ஓடும்போது தண்ணி குடிச்சா வயிறு பிடிச்சுக்கும்."

முதல் வாக்கியத்தில் பாதி உண்மை. வெயிலில் தொடர்ந்து பயிற்சி செய்தால் உடம்பு பழகத்தான் செய்கிறது. ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும். வியர்வை சீக்கிரமே சுரக்க ஆரம்பிக்கும், அதில் வீணாகும் உப்பு குறையும். அதே வேகத்தில் ஓடினாலும் இதயத் துடிப்பு முன்னைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் இதற்கு 10 முதல் 14 நாள் பிடிக்கும். பரீட்சைக்காக ஒரு மாதம் உட்கார்ந்தே இருந்துவிட்டு, லீவு விட்ட முதல் நாளே முழுச் சுற்று ஓடுகிறவனுக்கு அந்த 14 நாள் எங்கிருந்து வரும்? முதல் வாரத்தில்தான் ஆபத்து அதிகம். உரம் ஏற்றுகிறோம் என்று சேர்ந்தாற்போல் கொட்டினால் பயிர் கருகும். விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெயில் ஓட்டக்காரனின் எதிரி என்றும் சொல்லிவிட முடியாது. புதுக்கோட்டை மாவட்டத்துக்காரரான லட்சுமணன் 2017 ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். போட்டி நடந்தது புவனேஸ்வரத்தின் ஜூலை மாதப் புழுக்கத்தில். அதே சமயம் 2019ல் தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியையும் பார்க்க வேண்டும். வெயிலுக்குப் பயந்து பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தார்கள். அப்படியும் ஓடத் தொடங்கிய 68 பேரில் 40 பேர்தான் முடித்தார்கள். சூரியனே இல்லாத நேரத்தில் ஏன் இப்படி? காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை சுரந்தால் மட்டும் உடம்பு குளிராது, அது ஆவியாக வேண்டும். ஓடும்போது தசைகள் செலவழிக்கும் சக்தியில் பெரும்பங்கு வெப்பமாகத்தான் மாறுகிறது. அது வெளியே போக வழியில்லை என்றால் உள்ளேயே தேங்கும். ஆகவே "காலையிலதானே ஓடறேன்" என்பது மட்டும் பாதுகாப்பு ஆகிவிடாது. விடியற்காலையில் சூடு குறைவு, ஈரப்பதம் கூடுதல். புழுக்கமான நாளில் கடிகாரத்தைப் பார்த்து ஓடாமல் மூச்சைப் பார்த்து ஓட வேண்டும்.

இரண்டாவது வாக்கியம் முழுக்கத் தவறு. அதற்காகக் குடம் குடமாகக் குடிப்பதும் சரியில்லை. வெறும் தண்ணீரை அளவுக்கு மேல் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவும் உயிருக்கு உலை வைக்கும். சுலபமான கணக்கு ஒன்று உண்டு. ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். எடை கூடியிருந்தால் குடித்தது அதிகம். ஓடி முடித்தபின் உப்புப் போட்ட மோர், கஞ்சி, எலுமிச்சை ஜூஸ் எதுவும் நல்லதுதான். விளம்பரத்தில் வரும் கலர் பாட்டில் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை.

இனி அடி அண்ணாமலைக்கு வருவோம். பெரிய கோயிலுக்கு மலையின் மறுபக்கம் இருக்கிற ஊர். டவுனில் கிளம்பி ஓடுகிறவனுக்குக் கிட்டத்தட்டப் பாதி வழி. அங்கே ஒருவன் தலைசுற்றி விழுந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் டவுனுக்கு 7 கிலோமீட்டர். தனியாக ஓடினால் யாருக்குத் தெரியும்? லீவில் ஹாஸ்டல் மூடியிருக்கும், கோச் சொந்த ஊரில் இருப்பார். ஆண்டு முழுவதும் கண்காணிப்பில் ஓடும் பிள்ளை, ஆபத்து மிகுந்த மாதத்தில் மட்டும் தனியே ஓடுகிறான்!

பெண் பிள்ளைகளுக்கு நிலைமை இன்னும் மோசம். வெயிலுக்குப் பயந்து 4 மணிக்குக் கிளம்பினால் இருட்டு. இருட்டுக்குப் பயந்து 7 மணிக்குக் கிளம்பினால் வெயில். கடைசியில் வீட்டிலேயே இருக்கிறார்கள். அப்புறம் "பொண்ணுங்களுக்கு ஸ்டாமினா பத்தல" என்று தீர்ப்பு வேறு.

வெப்பத் தாக்கம் என்பது சாதாரண மயக்கம் இல்லை. உடம்பின் உள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, நடை தள்ளாடினால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். நினைவு தவறியவன் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. உடனே 108ஐக் கூப்பிட வேண்டும். ஆனால் வண்டி வரும்வரை கைகட்டி நிற்கக் கூடாது. பெரிய தொட்டியில் ஐஸ் போட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தளவு இறக்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் ஃபால்மத் என்ற ஊரில் கோடையில் நடக்கும் 7 மைல் ஓட்டத்தில், 18 போட்டிகளில் 274 பேருக்கு வெப்பத் தாக்கம் வந்தது. ஐஸ் தண்ணீரில் இறக்கியதால் அத்தனை பேரும் பிழைத்தார்கள். 7 மைல் என்பது 11 கிலோமீட்டர் சொச்சம். நம் கிரிவலப் பாதை அதைவிட நீளம்.

இதற்கெல்லாம் என்ன செலவு? ஒரு பிளாஸ்டிக் தொட்டி, ஐஸ் கட்டி, ஒரு எடை மெஷின், பின்னால் மெதுவாக வர ஒரு பைக். ஆண் பெண் எல்லோரும் சேர்ந்து ஓட ஒரு நேரம், அதற்குப் பொறுப்பாக ஒரு ஆசிரியர். முதல் 14 நாள் குறைந்த தூரம், டவுனை விட்டு விலகாமல். முழுச் சுற்றெல்லாம் அதற்கப்புறம். ஆண்டு விழாவில் கொடுக்கும் ஷீல்டுகளுக்கு ஆகிற பணத்தைவிட இது அதிகமாக இருக்க வாய்ப்பில்லை.

மெஷினுக்கே வருஷா வருஷம் தேய்மானம் எழுதி வைக்கிறோம். ஓடுகிற பிள்ளையின் உடம்புக்கு மட்டும் தேய்மானமே கிடையாது என்று கணக்குப் போடுவது என்ன நியாயம்? பதக்கம் வாங்கினால் கல்லூரிக்குப் பெருமை, விழுந்தால் அவன் விதி என்பது கணக்கும் இல்லை, பயிற்சியும் இல்லை.