கைமாறும் காணியும் காக்கும் கடமையும்

யாழ்ப்பாணத்தவர் காணியின்மீது கொண்ட பற்று உலகறிந்தது. எல்லை வேலி ஒரு முழம் நகர்ந்ததற்காக நீதிமன்றப் படியேறியவர் ஊருக்கு ஊர் உண்டு. இத்துணைப் பற்றுடையோர் வாழும் நாட்டில் நிலம் கண்ணெனப் பேணப்பட்டிருக்க வேண்டுமன்றோ? ஆயின், இன்று குடாநாட்டின் ஊர்களினூடே செல்வோர் பற்றை மண்டிய வளவுகளையும், தூர்ந்த கிணறுகளையும், ஓலை வெட்டுவாரின்றி நிற்கும் பனைகளையும் காண்கின்றனர். உறுதி பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. உரிமையாளர் கடல்கடந்து இருக்கிறார். நிலமோ கவனிப்பாரின்றிக் கிடக்கிறது. காணியின் உரிமை மாறும்போது மண்ணைக் காக்கும் கடமை யாரைச் சேர்கின்றது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இதற்கொரு பழைய பாடம் நெடுந்தீவில் உண்டு. போர்த்துக்கேயரும், 1658க்குப் பின் ஒல்லாந்தரும் அத்தீவைக் குதிரை வளர்க்கும் பண்ணையாகப் பயன்படுத்தினர். அவர்தம் லாயங்களின் இடிபாடுகள் இன்றும் அங்கே நிற்கின்றன. பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். காலப்போக்கில் பண்ணையும் கைவிடப்பட்டது. ஆண்டவர் அகன்றனர், குதிரைகள் எஞ்சின. தலைமுறை தலைமுறையாக அவை கட்டுவாரின்றிப் புல்வெளியில் திரிகின்றன. மழை பொய்த்த ஆண்டுகளில் நீரின்றி மடிகின்றன. தீவு மக்களின் ஆடுமாடுகளும் அதே புல்லையும் அதே நீரையும் நம்பியே வாழ்கின்றன. 2015ஆம் ஆண்டில் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. நல்லதே. ஆயினும் வர்த்தமானியிலே அச்சான எழுத்து வறண்ட குளத்தில் நீரை நிரப்பாது. அங்கே வாழும் மக்களின் கையும் கருத்தும் சேர்ந்தாலன்றிப் பூங்கா என்பது பெயரளவிலேயே நிற்கும்.

நெடுந்தீவில் அரசுகள் மாறியதால் நேர்ந்தது, குடாநாட்டில் குடும்பங்கள் சிதறியதால் நேர்ந்துவருகின்றது.

நம் முன்னோர் காணி கைமாறுவதைத் தனிமனிதர் இருவரின் கொடுக்கல் வாங்கலாக மட்டும் கருதவில்லை. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலேயே, காணியை விற்க விரும்புவோர் உரியவர்களுக்கு முன்னறிவித்தல் வேண்டும் என்னும் விதி காணப்படுகின்றது. 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் உடன்பங்காளருக்கும் மரபுரிமையாளருக்கும் முற்கொள்வனவு உரிமையை வகுத்தது. காணி உறுதிகளிலோ கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காற் பங்கும் தனித்தனியே குறிக்கப்பட்டன. ஒரு கிணற்றை ஐந்து குடும்பங்கள் முறைவைத்து இறைத்தால், ஒருவர் மிகுதியாக இறைப்பதை மற்ற நால்வர் பார்த்திருப்பர். அயலவரின் கண்ணே அக்காலத்துக் காவல்.

அக்காவல் இன்று தளர்ந்துவிட்டது. 1983க்குப் பின் பெருகிய புலப்பெயர்வும், 1990இல் வலிகாமம் வடக்கிலும் 1995இல் வலிகாமம் முழுவதிலும் நேர்ந்த இடப்பெயர்வும் உரிமையாளரை மண்ணிலிருந்து பிரித்தன. வலிகாமம் வடக்கில் ஆயிரக்கணக்கான ஏக்கர் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்து மீண்டவர் பலர், தம் வீடு தரைமட்டமாகியிருக்கவும், எல்லை எது எனத் தெரியாதிருக்கவும் கண்டனர். பிற ஊர்களிலோ முதுசமும் சீதனமும் பிள்ளைதோறும் பிரிந்து, பதினாறு பரப்புக் கொண்ட ஓர் ஏக்கர் நிலம் இரண்டு பரப்பும் மூன்று பரப்புமாகத் துண்டுபட்டது. அத்துண்டின் பிரிபடாப் பங்குகளும் ஒன்று தொறன்ரோவிலும் ஒன்று இலண்டனிலும் ஒன்று பாரிசிலும் இருப்போர் பெயரில் உள்ளன. கிணற்றைத் தூர்வாரவும் பங்காளரின் இசைவை நாட நேர்கின்றது. அவ்விசைவைப் பெறுவார் யார்?

விற்பனையானாலும் நிலை சீர்படுவதில்லை. அற்றோணித் தத்துவம் பெற்றவர் விற்கிறார், முகமறியாதவர் வாங்குகிறார், முதல்வேலையாகக் கிளுவையும் பூவரசும் நின்ற வேலியை அழித்து மதில் எழுப்புகிறார். வேலி எல்லை காட்டியதோடு நில்லாது, தோட்டத்துக்குக் குழையும் ஆட்டுக்குத் தீனியும் தந்தது. மதில் எல்லையை மட்டுமே காட்டும். வெள்ளவாய்க்கால் மண்ணிட்டு மூடப்படுகின்றது. முற்றம் சீமெந்தால் மெழுகப்படுகின்றது. மாரிமழை நிலத்துள் இறங்க வழியின்றி வீதியிலே ஓடிக் கடலைச் சேர்கின்றது.

வற்றாத ஆறு ஒன்றுமில்லாத நாடு நம்முடையது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய்த் தங்குகின்றது. நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்துநீர் உவராகவும் இருப்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர்.  துலா இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே நீருக்கு வரம்பாயிருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. அளவுமீறி இறைத்தால் கீழுள்ள உப்பு மேலேறும். இரசாயனப் பசளையை அளவுமீறி இட்டால் அதன் நைத்திரேற்று அயலவர் குடிக்கும் கிணற்றிற் கலக்கும். நிலத்தடி நீர் எவருடைய எல்லைக் கல்லையும் அறியாது. ஆகவே, ‘என் காணி, என் விருப்பம்’ என்னும் வாதம் வேறெங்குப் பொருந்தினும் இம்மண்ணிற் பொருந்தாது.

காணி கைமாறுவதே தீது என்பது நம் கருத்தன்று. தலைமுறை தலைமுறையாகப் பிறர் தோட்டத்தில் உழைத்தும் தமக்கென ஒரு பரப்பேனும் பெறாத மக்கள் நம்மிடையே உள்ளனர். சாதியின் பெயரால் நிலமும் கிணறும் அவர்களுக்கு மறுக்கப்பட்ட வரலாற்றை நாம் மறைத்தல் ஆகாது. பழைய ஒழுங்கைப் புகழ்வோர் அதன் இக்குறையையும் உடன்சொல்லக் கடமைப்பட்டவர். உழைப்போர் கைக்கு நிலம் சேருமாயின் அம்மாற்றம் மண்ணுக்கும் நன்று, அறத்துக்கும் நன்று. பெயரை உடையவர் ஓரிடத்திலும் உழைக்க வல்லவர் வேறிடத்திலுமாக நெடுங்காலம் பிரிந்திருப்பதே கேடு.

‘தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்’ என்பது பழமொழி. பனை வைப்பவனுக்குத் தன் பேரப்பிள்ளை இதே மண்ணில் வாழ்வான் என்னும் நம்பிக்கை வேண்டும். அடுத்த ஆண்டு விலையேறினால் விற்போம் என்று காத்திருப்பவர் பனங்கொட்டையைப் புதைப்பாரா?

கடல்கடந்து வாழும் உறவினரை நோக்கி ஒன்று கூற விரும்புகின்றோம். காணியைப் பிறர்க்குக் கொடுத்தால் பத்தாண்டு ஆட்சியைக் காட்டி உரிமை கொண்டாடிவிடுவர் என்னும் அச்சமே பல தோட்டங்களைத் தரிசாக்கியிருக்கின்றது. எழுத்திலே குத்தகை உறுதி முடித்துக் கொடுத்தால், அதன் வழியாக நிலத்தில் இருப்பவர் உரிமையாளரின் உரிமையை ஒப்புக்கொண்டவராகிறார். அவ்வாறிருக்கும்வரை அவ்வாட்சி உரிமையாகாது. ஆகவே பங்காளர் ஒன்றுகூடி, அயலில் நிலமற்றிருக்கும் உழவர் ஒருவருக்குச் சில ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கலாம். வாடகையிற் சலுகை காட்டி, கிணற்றைத் தூர்வாருதல், வேலியைப் பேணுதல், பனங்கன்று நடுதல் ஆகியவற்றை அவ்வுறுதியிலேயே நிபந்தனையாக எழுதலாம். விற்போரும் வெள்ளவாய்க்காலை மூடலாகாது என்னும் நிபந்தனையை உறுதியிற் சேர்க்கலாம். பிரதேச சபைகள் கட்டட அனுமதி வழங்குமுன் மழைநீர் நிலத்துள் இறங்க இடம் விடப்பட்டுள்ளதா எனக் கண்டிப்பாக நோக்குதல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் இதிற் பங்குண்டு. தம் பள்ளியைச் சூழ்ந்த ஊரின் குளங்கள் எவை, அவற்றுக்கு நீர்கொணர்ந்த வாய்க்கால்கள் எவை, அவற்றுள் மூடப்பட்டவை எவை என மாணவரைக்கொண்டு படம் வரைவிக்கலாம். பெரியோர் மறந்ததைப் பிள்ளைகள் கேட்டறியும் காலம் இன்னும் கடந்துவிடவில்லை. வாய்க்கால் ஓடிய இடத்தைக் கண்டு காட்டக்கூடிய முதியோர் இன்றும் ஊர்களில் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே அப்பணி தொடங்கப்படல் வேண்டும்.