மர இறக்குமதியும் கிராமத் தோட்டமும்

இரு தேசங்களின் மர இறக்குமதித் தொகைகளை அருகருகே வைத்து, தொகை சிறுத்த தேசம் தன் காலில் நிற்பது என்றும், பெருத்த தேசம் ஊதாரியென்றும் தீர்ப்புரைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. குறுக்கு விசாரணையின்றி ஒரே சாட்சியின் வாக்குமூலத்தைக் கொண்டு வழக்கை முடிப்பதற்கு இது நிகராகும். நமது அண்டையிலுள்ள இலங்கையையும் மாலத்தீவையும் எடுத்துக்கொண்டு இவ்விஷயத்தைச் சற்று ஆராய்வோம்.

இலங்கை ஏறக்குறைய 65,600 சதுர கிலோமீட்டர் பரப்பும் 2 கோடிக்கு மேற்பட்ட ஜனங்களும் உடையது. மாலத்தீவின் நிலப்பரப்போ சுமார் 300 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை 5 லட்சமளவே. ஆதலின் இரு தேசங்களும் ஒரே தொகைக்கு மரம் வாங்கினும், தலைக்கு விழும் பாரம் மாலத்தீவில் ஏறக்குறைய 40 மடங்காகும். மொத்தத் தொகை மட்டும் இவ்வுண்மையைச் சொல்லாது.

காரணங்களும் வேறு வேறானவை. மாலத்தீவு பவளத் திட்டுகளாலானது. முன்னாளில் அங்கே தோணிகளைத் தென்னை மரத்தினாலேயே கட்டினர். 1972-ஆம் ஆண்டு முதல் உல்லாச விடுதிகள் பெருகவே, அவற்றிற்கு வேண்டிய மரமும் சாமான்களும் கப்பலில் வரலாயின. அவ்வாறு செலவாகும் பணத்தில் ஒரு பகுதி விருந்தினர் மூலமாகத் திரும்பி வருகின்றது. இலங்கையிலோ 1990-இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்ட பின்னரும், வீட்டுத் தோட்டத்துப் பலாவும் தேக்கும், வயது முதிர்ந்த ரப்பர் மரமும் ஜனங்களின் தேவையில் பெரும் பங்கைத் தீர்த்து வருகின்றன. நிற்க. 2022-இல் அந்நியச் செலாவணி வறண்டு இலங்கை தத்தளித்தபோது இறக்குமதியைச் சுருக்க நேர்ந்தது. அச்சுருக்கம் முட்டுப்பாட்டின் அடையாளமேயன்றிச் சிக்கனத்தின் அடையாளமன்று.

மேலும், வந்திறங்குவது உருட்டுக் கட்டையா, செய்து முடிந்த நாற்காலியா என்றும் கேட்டல் வேண்டும். கட்டை வந்தால் அறுப்போனுக்கும் தச்சனுக்கும் கூலி உள்ளூரில் தங்கும். நாற்காலி வந்தால் அக்கூலியும் கடல் கடந்து போகும். தொகை ஒன்றாயினும் பலன் ஒன்றன்று.

நமது நிலைமை என்ன? 1996 டிசம்பர் 12-இல் சுப்ரீம் கோர்ட்டு பிறப்பித்த உத்தரவு காடுகளில் மனம்போல் மரம் வெட்டுவதைத் தடுத்தது. அது நியாயமே. ஆயினும் தேவை குறையவில்லை. செட்டிநாட்டு மாளிகைகளுக்குத் தேக்கு அளித்த பர்மா, 2014 ஏப்ரல் முதல் உருட்டுக் கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. கானா, ஈக்வடார் முதலிய தூர தேசங்களின் தேக்கை நாம் வாங்குகின்றோம். நம் காட்டைக் காத்துப் பிறர் காட்டைக் கரைப்பது தருமமாகுமா?

பரிகாரம் தூரத்திலில்லை. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுக்கள் ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் குடவோலையால் தேர்ந்த முறையை விளக்குகின்றன. தோப்பையும் நீரையும் பாதுகாத்தல் ஊராரின் பொறுப்பென்று அவர்கள் கருதினர். கணக்குக் காட்டாதவனை மீண்டும் வாரியத்தில் சேர்க்கலாகாது என்றும் விதித்தனர்.

2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாகாணத்தின் 33 சதவீதப் பரப்பில் பசுமை நிழல் வேண்டுமென்கிறது. நாற்று நட்டதாக எண்ணிக்கை காட்டுவது மாத்திரம் போதாது. கிராம சபைகள் தோட்ட வாரியம் போன்றதொரு குழுவை அமைத்து, பிழைத்த மரம் எத்தனை என்று ஆண்டுதோறும் கணக்குக் கேட்டல் வேண்டும். பட்டா நிலத்தில் மரம் வளர்த்த குடியானவன், அனுமதிச் சீட்டுக்காக அலையாமல் வெட்டி விற்க வழி செய்தல் வேண்டும். விற்க முடியாத மரத்தை எவன் நடுவான்?

இறக்குமதித் தொகையைக் குறைக்கச் சட்டத்தால் கதவடைத்தல் ஒரு வழி. தோட்டத்தைப் பெருக்குதல் மற்றொரு வழி. முன்னது விலையை ஏற்றும். பின்னது தச்சனுக்கும் குடியானவனுக்கும் பிழைப்பளிக்கும். பின்னதையே நமது கிராம சபைகள் கைக்கொள்ளுமாக.