சில்லு பெயர்ந்த எழுதுகோலும் சொல்ல வேண்டிய உண்மையும்

எழுதுகோலுக்கு நம் மார்க்கம் அளித்துள்ள இடம் மிக உயர்ந்தது. திருமறையின் 68ஆவது அத்தியாயத்திற்கு ‘அல் கலம்’ என்பதே பெயர். நபி (ஸல்) அவர்களுக்கு முதன்முதலாக அருளப்பட்ட வசனங்களும் எழுதுகோலைக் கொண்டு கற்றுக்கொடுத்த இறைவனையே நினைவூட்டுகின்றன. அத்தகைய எழுதுகோல் இன்று நம் வீடுகளில் மை தீர்ந்தவுடன் குப்பைக்குப் போகும் பொருளாகிவிட்டது. இந்நிலையில், மரத்தைக் கடைந்து கையால் பேனா செய்யும் வேலையைச் சிலர் ஆர்வத்துடன் கற்று வருவது மகிழ்ச்சிக்குரியது. அவ்வேலையில் எழும் ஒரு சிறு கேள்வியையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்: சில்லு பெயர்ந்துவிட்டால் என்ன செய்வது? செப்பனிட்ட பின் அதை எவ்வாறு விற்பது?

மரவேலையின் அருமை நம் பகுதிக்குப் புதிதன்று. பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரின் மரச்சிற்பங்கள் 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றன. அவ்வூரார் வடிக்கும் உருவங்கள் நம் வழிபாட்டுக்கு உரியவை அல்ல. ஆயினும் அவர்களது உழைப்பும் பொறுமையும் நம் மதிப்புக்கு உரியவை. ஒரே மரத்துண்டில் முழு வேலையையும் செதுக்குவது அவர்களின் தனிச்சிறப்பு. அத்தகைய வேலையில் ஓர் உளி தவறினால் எவ்வளவு இழப்பு என்பதை எண்ணிப் பார்த்தாலே, கைவினைஞரின் கவலை நமக்குப் புரியும்.

பேனாவிலும் அதே கவலை உண்டு. மரத்துண்டின் நடுவே துளையிட்டு, பித்தளைக் குழாயைப் பசையிட்டுப் பொருத்தி, கடைசல் எந்திரத்தில் சுழலவிட்டுச் செதுக்குகிறார்கள். முடிவில் குழாயின்மேல் எஞ்சுவது மெல்லிய மரச்சுவர் மட்டுமே. உளி மழுங்கியிருந்தாலோ, மர நாரின் ஓட்டத்திற்கு எதிராக அழுத்தினாலோ, பெரும்பாலும் விளிம்பில் சில்லு தெறிக்கும். உடனே எந்திரத்தை நிறுத்தித் தெறித்த துண்டைத் தேடுவதே முதல் வேலை. அது கிடைத்தால், சூப்பர் க்ளூ இட்டு அதே நார் ஓட்டத்தில் ஒட்டிவிடலாம். கிடைக்காவிட்டால், அதே மரத்தின் தூளைப் பள்ளத்தில் திணித்து, நீர்த்த பசையைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரே முறையில் நிரப்பாமல், ஒவ்வோர் அடுக்கும் இறுகிய பிறகே அடுத்ததை இட வேண்டும். பின்னர் சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி மென்மையானதில் முடித்து, மேற்பூச்சு இடலாம். பள்ளம் பெரிதாக இருந்தால், அவ்விடத்தைச் சுற்றிலும் வெட்டி, வேறு நிற மரத்தில் ஒரு வளையம் பொருத்துவதே நேர்த்தி. பசையின் ஆவியும் மரத்தூளும் மூச்சுக்கு ஆகாதவை. காற்றோட்டமான இடத்தில் முகக்கவசத்துடன் செய்வதே நல்லது.

இவ்வாறு செப்பனிடுவது இழிவு என நினைப்போர் உண்டு. நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்தார்கள், கிழிந்த ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பதும் ஹதீஸில் உள்ளது. பழுது பார்த்துப் பயன்படுத்துவது வறுமையின் அடையாளமன்று. வீண்விரயத்தைத் தவிர்க்கும் நற்பண்பு.

எனினும், நம் சொந்தப் பேனாவைச் செப்பனிடுவது வேறு. செப்பனிட்டதைப் பழுதற்ற புதுப்பொருள் எனச் சொல்லி விற்பது வேறு. “ஒட்டிய இடமே தெரியவில்லை, உறுதியும் குறையவில்லை, பிறகு ஏன் சொல்ல வேண்டும்?” எனச் சிலர் கேட்கலாம். கண்ணுக்குத் தெரியாத குறைதான் சொல்லப்பட வேண்டிய குறை. தெரிவதை வாங்குபவரே பார்த்துக்கொள்வார். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்கள் அடியில் ஈரத்தைக் கண்டார்கள். மழையில் நனைந்தது என வணிகர் கூற, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா எனக் கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். மழை பெய்தது அவ்வணிகரின் குற்றமன்று, மறைத்ததே குற்றம். சில்லு தெறிப்பதும் அவ்வாறே. மறைக்கப்பட்ட குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என நம் ஃபிக்ஹு நூல்கள் கூறுவதும் இதனால்தான்.

இதில் வாங்குவோராகிய நமக்கும் பொறுப்பு உண்டு. குறையை வாய்திறந்து சொன்னவரிடம் அடிமாட்டு விலைக்குக் கேட்பதும், மறைத்தவரிடம் கேட்ட விலையைக் கொடுப்பதும் நம்மிடையே காணப்படும் வழக்கங்கள். இவ்வாறு நடந்துகொண்டால், அடுத்த முறை மறைத்துவிடு என அவருக்கு நாமே கற்றுக்கொடுக்கிறோம். மக்களின் பொருட்களை மதிப்புக் குறைத்து வாங்குவதையும் திருமறை கண்டிக்கிறது. சிறு குறைக்குச் சிறு தள்ளுபடி போதும். உண்மை சொன்னதற்குத் தண்டனை வேண்டா.

லப்பைக்குடிக்காட்டிலும் வ.களத்தூரிலும் அரியலூரிலும் வாழும் நம் குடும்பங்கள், அடுத்த முறை பிள்ளைகளின் பொருள் ஏதேனும் உடைந்தால், எறிவதற்கு முன் அவர்களுடன் அமர்ந்து அதைச் சரிசெய்ய முயலட்டும். அதை விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ நேர்ந்தால், “இந்த இடத்தில் ஒட்டியிருக்கிறோம்” எனச் சொல்லவும் பழக்கட்டும். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்பது நபிமொழி. அந்தப் பரக்கத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவரின் சம்பாத்தியத்திலும் அருள்வானாக. ஆமீன்.