ஒரு பல்பு, ஒரு ராத்திரி, 150 ரூபாய் - இது கரண்டா, கப்பமா?

ரொம்ப நாளா மனசுக்குள்ள போட்டு புகைஞ்சுகிட்டு இருக்கிற விஷயம் மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம், எழுத நேரமில்லைன்னு தள்ளிக்கிட்டே வந்தேன். போன வாரம் என் வீட்டு ஓனர் கரண்ட் பில்லுன்னு ஒரு துண்டுச் சீட்டு நீட்டினார். அதைப் பார்த்ததும் பழைய கோபமும் சேர்ந்து கிளம்பிடுச்சு. அந்தக் கதைக்குக் கடைசியில வர்றேன். முதல்ல எங்க ஊர்.

எங்க ஊர் திருத்தணி. ஆறுபடை வீட்டில் ஐந்தாவது. மலைக்கு 365 படி, வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. டிசம்பர் 31 ராத்திரி திருப்படித் திருவிழா, ஆடி மாசம் ஆடிக்கிருத்திகை, சரவணப் பொய்கையில் மூணு நாள் தெப்பம். ஆடிக்கிருத்திகைன்னா ஊரே மஞ்சள் வேட்டியும் பூக்காவடியுமா இருக்கும். தமிழ்நாட்டுப் பக்கம் இருந்து எவ்வளவு கூட்டமோ, அதுக்குச் சமமா நகரி, புத்தூர், சித்தூர் பக்கம் இருந்தும் வரும். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் எங்க ஊரே சித்தூர் மாவட்டத்துல தானே இருந்தது. ம.பொ.சி. போராடி, எல்லை மாறி, நாங்க இந்தப் பக்கம் வந்தோம். முருகனுக்கு அந்தக் கோடெல்லாம் கிடையாது.

கூட்டம் வந்தா கடை வரும். வளையல், பொம்மை, பொரி, பஞ்சு மிட்டாய், கரும்பு ஜூஸ், பச்சை குத்துறவர், பலூன் சுடுறவர். மூணு ராத்திரி தங்கி வியாபாரம் பார்த்துட்டு மூட்டை கட்டி அடுத்த ஊர்த் திருவிழாவுக்குப் போயிடுவாங்க. இவங்களுக்கு வெளிச்சம் வேணும். அந்த வெளிச்சத்தை யார் விக்கிறாங்க, எவ்வளவுக்கு விக்கிறாங்கங்கறதுதான் இந்தப் பதிவு.

எங்க தெரு முனையில ஒரு தனியார் காலி மனை இருக்கு. ஒவ்வொரு ஆடிக்கும் அங்கதான் கடை போடுவாங்க. ஆந்திரா பக்கம் இருந்து ஒரு அக்கா வருஷா வருஷம் வருவாங்க, கண்ணாடி வளையல் கடை. நான் அரை டிராயர் போட்ட காலத்துல இருந்து தெரியும். பாதி தெலுங்கு, பாதி தமிழ். என்னை இன்னும் "நாயனா"ன்னு தான் கூப்பிடுவாங்க. கடைசியா ஊருக்குப் போனப்ப பார்த்தா அவங்க கடையில ஒரு பக்கம் மட்டும்தான் லைட் எரியுது. இன்னொரு பக்கம் கும்மிருட்டு. ஒரு சின்னப் பொண்ணு வளையலைத் தூக்கித் தூக்கிப் பார்க்குது, பச்சையா நீலமான்னு தெரியலை. அவங்க அம்மா "வா, அடுத்த கடையில பார்க்கலாம்"னு இழுத்துட்டுப் போயிட்டாங்க.

"ஏன்க்கா ஒரு பல்பு மட்டும்?"னு கேட்டேன்.

"ஒரு பாயிண்ட் நூத்தம்பது நாயனா. போன தடவ நூறு. ரெண்டு பல்பு, மூணு ராத்திரி, தொள்ளாயிரம் ஆவுது. இடத்து வாடகை வேற. எங்க போவேன்?"

வயர் இழுத்து கனெக்ஷன் குடுக்கிறவர்கிட்டப் போய் நைசா விசாரிச்சேன். அவர் சொன்ன ஒரே பதில்: "தம்பி, கரண்ட் ரேட் எல்லாம் ஏறிப்போச்சு தெரியாதா? பேப்பர் படிக்கறதில்லையா?"

சரி, படிப்போம்னு உட்கார்ந்தேன். இன்ஜினியரிங் படிச்சதுக்கு வேற என்ன பிரயோஜனம், சொல்லுங்க?

அந்த பல்பு 9 வாட் எல்.இ.டி. சாயங்காலம் 6 மணியில இருந்து ராத்திரி 2 மணி வரை, 8 மணி நேரம். 9 பெருக்கல் 8, ஆக 72 வாட் அவர். ஒரு யூனிட்டுங்கறது 1000 வாட் அவர். அப்படின்னா அந்த பல்பு ஒரு ராத்திரிக்குக் குடிக்கிறது 0.072 யூனிட்.

தமிழ்நாட்டுல தற்காலிக இணைப்புக்குன்னே தனிக் கட்டணம் இருக்கு. வீட்டுக் கட்டணத்தை விட, கடைக் கட்டணத்தை விட அதிகம். 2022 செப்டம்பர் உத்தரவுல யூனிட் 12 ரூபாய். அப்புறம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா ஏறி இப்ப 13 ரூபாய் சுற்றி நிக்குது. 13ன்னே வச்சுக்குவோம். அந்த பல்புக்கு ஒரு ராத்திரி கரண்ட் செலவு 94 பைசா.

94 பைசா கரண்டுக்கு 150 ரூபாய். யூனிட் கணக்குல சொன்னா, யூனிட்டுக்கு 2083 ரூபாய். டைப்பிங் மிஸ்டேக் இல்லை, நீங்களே வகுத்துப் பாருங்க.

"ரேட் ஏறிப்போச்சு" வாதத்தையும் பார்த்துடுவோம். 2023 ஜூலையில 2.18 சதவீதம், 2024 ஜூலையில 4.83 சதவீதம், 2025 ஜூலையில 3.16 சதவீதம். மூணையும் சேர்த்து உருட்டினாலும் பத்தரை சதவீதம்தான். அந்த பல்புக்கு ஏறினது பத்து பைசா கூட இல்லை. பாயிண்டுக்கு ஏறினது 50 ரூபாய். ஈ.பி. பேரைச் சொல்லி யார் பொங்கல் சாப்பிடறாங்க?

இப்ப எதிர்க்கட்சி வாதம். நானே எடுத்து வைக்கிறேன், இல்லைன்னா "ஏ.சி. ரூம்ல உட்கார்ந்து பேசறான்"னு சொல்லுவீங்க.

"வெறும் யூனிட் கணக்கு போட்டா ஆச்சா? வயர், ஹோல்டர், கட்டுக்கம்பு, ஆள் கூலி, ஈ.பி.யில டெபாசிட், கிலோவாட்டுக்கு நிலைக்கட்டணம், மழை வந்து ஷார்ட் ஆனா ராத்திரி 12 மணிக்கு ஓடி வர்றது, இதெல்லாம் யார் தருவா?"

நியாயமான கேள்வி. ஒத்துக்கறேன். அந்த மனையில சுமார் 60 பாயிண்ட். ரெண்டு ஆள், மூணு நாள், நாளுக்கு ஆயிரம்னு 6000. வயர் வகையறா வாடகை 2000. டெபாசிட்டு திரும்பி வந்துடும். இணைப்புச் செலவு, நிலைக்கட்டணம், இதர படின்னு தாராளமா 3000. மொத்தம் 11,000. 60 ஆல வகுத்தா மூணு ராத்திரிக்கு 183, ராத்திரிக்கு 61 ரூபாய். கரண்ட் ஒரு ரூபாய். லாபம் ஒரு 15 ரூபாய் வையுங்க, தப்பில்லை, அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கு. 77 ரூபாய் ஆச்சு. 150 எங்க, 77 எங்க? (இது என் குத்துமதிப்பு தான். அவர் கணக்குச் சீட்டைக் காட்டினா திருத்திக்கறேன். காட்ட மாட்டார்.)

ஜெனரேட்டர்னு சொன்னா? ஒரு லிட்டர் டீசலுக்கு சுமாரா 3 யூனிட் வரும். யூனிட் 30 ரூபாய் சொச்சம். அப்பவும் அந்த பல்புக்கு ரெண்டே கால் ரூபாய் தான்.

என்னோட உண்மையான கோபம் ரேட்டு மேல கூட இல்லை. "பாயிண்ட்"ங்கற அந்தக் கணக்கு மேல.

இந்தக் கணக்கு குண்டு பல்பு காலத்துது. அப்ப எல்லாக் கடையிலயும் 60 வாட், 100 வாட் பல்பு. எல்லாரும் ஏறக்குறைய ஒரே அளவு தான் இழுப்பாங்க. மீட்டர் வைக்கிற செலவுக்கு பல்பை எண்றது லேசு. சரி. இப்ப அந்த 60 வாட் பல்பு செஞ்ச வேலையை 9 வாட் எல்.இ.டி. செய்யுது. அக்கா தன் காசைப் போட்டு எல்.இ.டி. வாங்கி கரண்டை ஆறுல ஒரு பங்குக்கும் கீழ கொண்டு வந்தாங்க. அதோட பலன் யாருக்குப் போச்சு? வயர்காரருக்கு.

அதே மனையில ஜூஸ் கடைக்காரர் ஃப்ரீசர், மிக்ஸி, நாலு ஃபோகஸ் லைட்டு வச்சிருந்தார். குறைஞ்சது 6 யூனிட் ஒரு நாளைக்கு. அவர் கட்டினது 500 ரூபாய். யூனிட்டுக்கு 83 ரூபாய். அதுவும் கொள்ளை தான், ஆனா அக்காவுக்கு 2083! கம்மியா எரிக்கிறவன் கூடக் கட்டுறான், வசதியா எரிக்கிறவன் கம்மியா கட்டுறான். ரேஷன் கடையை தலைகீழா நிறுத்தின மாதிரி இல்லை?

இது ஏதோ நம்ம ஊர் நோய்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்காவுல படகுத்துறைகள்னு இருக்கு. சொந்தப் படகு வச்சிருக்கிற பார்ட்டிங்க ஊர் ஊரா போய் ராத்திரி ஒரு துறையில கட்டுவாங்க. கரையில இருந்து வயர் மாட்டி கரண்ட் எடுத்துக்கலாம். பல இடத்துல மீட்டர் கிடையாது, 30 ஆம்ப் பிளக்குக்கு ராத்திரிக்கு இவ்வளவு, 50 ஆம்ப்புக்கு இவ்வளவுன்னு ஒரே ரேட்டு. ஏ.சி. போட்டுத் தூங்கினாலும் அதே காசு, ஒரு செல்போனை மட்டும் சார்ஜ் போட்டாலும் அதே காசு. அங்கயும் இதே புலம்பல் தான். விஷயம் என்னன்னா, ராத்திரி வந்து கட்டினவன் பேரம் பேச முடியாது. இருட்டுல அடுத்த துறைக்கா போவான்? வளையல் மூட்டையை இறக்கி, பந்தல் போட்டு, இடத்துக்கு வாடகையும் கட்டின அக்காவும் அதே நிலைமை தான். படகு வச்சிருக்கிறவனுக்கு இது எரிச்சல். அக்காவுக்கு இது ஒரு நாள் சாப்பாடு. அது ஒண்ணு தான் வித்தியாசம்.

ஆனா பிரிட்டன்ல இதுக்கு ஒரு கடிவாளம் இருக்கு. அங்க மின்சாரத்தைக் கண்காணிக்கிற ஆஃப்ஜெம் அமைப்பு 2003ல இருந்து ஒரு விதி வச்சிருக்கு. வீட்டு உபயோகத்துக்கு கரண்டை வாங்கி மறுபடி விக்கிறவங்க, தான் கட்டின யூனிட் விலைக்கு மேல விக்கக் கூடாது. லாபம் வேணும்னா வாடகையில வச்சுக்கோ, கரண்ட்ல வைக்காதே. எவ்வளவு எளிமையான விஷயம்!

நம்ம ஊர்லயும் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 2003 மின்சாரச் சட்டம் 12வது பிரிவு, லைசென்ஸ் இல்லாம மின்சார விநியோகமோ வியாபாரமோ பண்ணக் கூடாதுன்னு சொல்லுது. சட்டம் புஸ்தகத்துல பத்திரமா இருக்கு.

இங்க என் வீட்டுக் குட்டையும் உடைச்சுடறேன். அன்னைக்கு வீரமா "அக்கா, எங்க வீட்டு ஜன்னல் வழியா ஒரு வயர் இழுத்துத் தர்றேன், காசே வேணாம்"னு சொல்லிட்டேன். அப்பா ஒரே அதட்டல். "வீட்டு இணைப்புல இருந்து கடைக்குக் குடுத்தா 126வது பிரிவுல கேஸுடா. ரெண்டு மடங்கு கட்டணம் போடுவான், யார் கட்டறது?" தேடிப் பார்த்தா அப்பா சொன்னது சரி. யூனிட்டுக்கு 2083 வாங்குறவர் ஜம்முன்னு நிக்கிறார். சும்மா குடுக்கறேன்னு சொன்ன நான் தப்பு பண்றவன். கடைசியில வீட்டுல இருந்த எமர்ஜென்சி லைட்டைக் குடுத்தேன். அது பழசு, நல்லா கூட்டம் வர்ற நேரமா பார்த்து உசுரை விட்டுடுச்சு. "பர்வாலேது நாயனா"ன்னு அக்கா சிரிச்சாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரலை.

சரி, குறை மட்டும் சொல்லிட்டுப் போகாம, என்ன செய்யலாம்?

1. வயர் வாடகை வேற, கரண்ட் வேறன்னு பிரிச்சு வாங்கணும். வயருக்கு ராத்திரிக்கு இவ்வளவு, யூனிட்டுக்கு இவ்வளவு. ஈ.பி.யே நமக்கு நிலைக்கட்டணம், யூனிட் கட்டணம்னு பிரிச்சுத்தானே போடுது?

2. பெரிய லோடுக்கு சப் மீட்டர். சில நூறு ரூபாய் சமாச்சாரம். 20 வாட்டுக்குக் கீழ இருக்கிற கடைக்கு மீட்டரே வேண்டாம், கரண்ட் காசும் வேண்டாம். மூணு ராத்திரிக்கும் சேர்த்து ஒரு பல்புக்கு மூணு ரூபாயைத் துரத்தி என்ன பண்ணப் போறீங்க?

3. திருவிழா நடக்கிற இடத்துல எல்லாம் ரேட்டை போர்டுல எழுதி வைக்கணும். தமிழ்லயும் தெலுங்குலயும். ஆட்டோ ஸ்டாண்டுல, பார்க்கிங்ல கேட்கிறோம், இதுல ஏன் கேட்கலை?

4. வருஷா வருஷம் தேதி தெரிஞ்ச திருவிழா இது. பொது இடத்துல நிரந்தரமா மீட்டரோட பத்து கம்பம் நட்டு, கடைக்காரங்க நேரடியா எடுத்துக்கற மாதிரி செய்யலாம். நடுவுல ஆளே தேவையில்லை.

கடைசியா, ஆரம்பிச்ச கதை. சென்னையில என் வீட்டு ஓனர் யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்கறார். ரெண்டு மாசத்துக்கு 180 யூனிட், 1800 ரூபாய். எனக்குன்னு தனி வீட்டு இணைப்பு இருந்தா முதல் 100 யூனிட் இலவசம், மீதி 80க்கு 200 ரூபாய்க்குள்ள முடிஞ்சிருக்கும். 2016ல இருந்து வீட்டுக்கு வீடு குடுக்கிற அந்த 100 யூனிட் வாடகைக்கு இருக்கிறவன் வரைக்கும் வந்து சேரலை. நானும் பல்லைக் கடிச்சுட்டு ஜிபேல அனுப்பிட்டேன். அடுத்த வீடு தேட யாருக்கு நேரம்? நானும் ராத்திரியில துறைக்கு வந்து கட்டின படகு தானே.

ஆனா எனக்கு மாசம் பிறந்தா சம்பளம் வருது. அக்காவுக்கு வளையல் வித்தா தான் வரும். வளையல் விக்கணும்னா பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியணும். அதுக்கு வேண்டியது 94 பைசா.

டிஸ்கி: வர்ற ஆடிக்கு நல்லதா ஒரு சார்ஜ் லைட்டு வாங்கி வச்சிருக்கேன். அது தீர்வு இல்லைன்னு தெரியும். இருந்தாலும் அந்த இன்னொரு பக்கமும் எரியட்டும்.