நோவும் நடையும்

மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலை எறியும் மீனவரும், வயலிற் குனிந்து களை பிடுங்கும் மகளிரும் நாரிப்பிடிப்பை நன்கறிவர். நோவு கண்டவுடன் பாயிற் கிடப்பதே மருந்தென்பது பலரின் எண்ணம். நாட்கூலியை நம்பிய வீட்டில் அதனால் அடுப்பும் அணைகின்றது. அசையாத உடலில் தசையும் தளர்கின்றது.

கைகளால் மூட்டையும் தசையையும் இயக்கிச் சீர்செய்யும் ஒஸ்டியோபதி முறையை அமெரிக்க மருத்துவர் அன்ரூ ரெயிலர் ஸ்ரில் 1874 இல் அறிவித்தார். நம்மூர் முறிவு நெரிவு வைத்தியரும் எண்ணெயிட்டுக் கைத்திறனால் நோவைத் தணிப்பவரே. நாட்பட்ட நாரிநோவுக்குக் கைச்சிகிச்சையையும் உடற்பயிற்சியையும் உலக சுகாதார நிறுவனம் தனது 2023 ஆம் ஆண்டு வழிகாட்டியில் ஏற்றுள்ளது. ஆயினும், வைத்தியரின் கை சிறிது நேரமே நம்மேல் இருக்கும். எஞ்சிய பொழுதெல்லாம் உடலை இயக்க வேண்டியவர் நாமே.

பின்லாந்தில் நிகழ்ந்து 1995 இல் வெளியான ஆய்வொன்றில், இரண்டு நாள் படுத்திருந்தோரினும், இயன்றவரை அன்றாட அலுவல்களைத் தொடர்ந்தோரே விரைவில் தேறினர். 2024 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வு, நாரிநோவிலிருந்து குணமடைந்த 701 பேரை நோக்கியது. நோவு மீண்டும் தலைகாட்ட, நடைப்பயிற்சி பெறாதோருக்கு 112 நாளும், பெற்றோருக்கு 208 நாளும் இடைநிலைக் கணக்கிற் சென்றன.

மாணவர்கள் நெடுநேரம் குனிந்து படியாது, இடையிடையே எழுந்து நடத்தல் நன்று. முதியோர் மாலையில் கல்லடிப் பாலத்து வாவிக்காற்றிலே சிறுதொலைவில் தொடங்கி, நாளுக்குநாள் சற்றே கூட்டி நடக்கலாம். ஆனால், கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் தடைப்பட்டாலோ, நோவுடன் காய்ச்சல் சேர்ந்தாலோ, விழுந்தபின் நோவு கண்டாலோ, எண்ணெய் தடவுவதை விடுத்து உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் வேண்டும்.

நோவு முற்றும் நீங்கிய பின்னரே வாழ்வேன் என்று காத்திருத்தல் வேண்டா. சிறிது நோவுடனும் நடக்கலாம். நடக்க நடக்க அதன் அதிகாரம் குறையும்.