இடித்துக் கட்டாதீர்கள், வெள்ளையடியுங்கள்!

பொங்கல் வருகிறதென்றால் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். கதவுக்குப் பெயின்ட் அடிக்கிறோம். ஒழுகும் இடத்தில் சிமென்ட் பூசுகிறோம். அதற்காக யாரும் வீட்டையே இடித்துக் கட்டுவதில்லை. வெப்சைட் விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் இடிக்கத்தான் ஆசை. சைட் வைத்திருக்கும் கடைக்காரருக்கு அந்த ஆசை உண்டு. அதைச் செய்து கொடுக்கும் டிசைனருக்கோ அவரைவிட இரண்டு மடங்கு ஆசை. வீட்டிலிருந்தபடி தனியாக வெப் டிசைன் தொழில் செய்பவர்களின் நேரத்தையும் வருமானத்தையும் தின்பது இந்த ஆசைதான் என்பது என் கருத்து.

வீட்டில் வேலை என்றதும் எல்லோரும் முதலில் குறை சொல்வது இடைஞ்சல்களைப் பற்றித்தான். அவை உண்மைதான். காலை 10 மணிக்கு ஏ.சி. வகுப்புகளுக்கு தட்கல் முன்பதிவு தொடங்கும். 11 மணிக்கு மற்ற வகுப்புகளுக்கு. தெருவில் "கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை" என்று பெயர் எடுத்துவிட்டால் இந்த இரண்டு வேளையும் உங்களுக்குச் சொந்தமில்லை. "தம்பி, சும்மாதானே இருக்கீங்க, மெட்ராசுக்கு ரெண்டு டிக்கெட் போட்டுக் குடுங்க" என்று எதிர்வீட்டு மாமா வந்து நிற்பார். போனில் வந்த ஓ.டி.பி. எண்ணை அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிப்பதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிடும். அப்புறம் கேஸ் சிலிண்டர், கூரியர். பராமரிப்பு நாள் என்றால் காலை 9 மணிக்குப் போன கரண்ட் மாலையில்தான் வரும்.

இந்த இடைஞ்சல்கள் நாம் நினைக்கிற அளவுக்கு வேலையைக் கெடுப்பதில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் பணியாற்றிய குளோரியா மார்க் 2008ல் வேறு இருவருடன் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். ஈமெயில்களுக்குப் பதில் எழுதும் வேலையைக் கொடுத்து, நடுநடுவே குறுக்கிட்டுப் பார்த்தார்கள். குறுக்கிடப்பட்டவர்கள் வேலையை இன்னும் வேகமாகவே முடித்தார்கள். தரமும் குறையவில்லை. ஆனால் எரிச்சலும் மன அழுத்தமும் கூடியிருந்தன. அதாவது கெடுவது வேலையல்ல, வேலை செய்பவர். மாமாவிடம் எரிந்து விழுந்துவிட்டு, பிறகு அரை மணி நேரம் வருத்தப்பட்டுக் கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, அது எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

எப்படியும் மாமா போய்விடுவார், சிலிண்டர்காரரும் போய்விடுவார். போகாத இடைஞ்சல் மானிட்டருக்குள்ளேயே இருக்கிறது. கடைக்காரர் கேட்ட விலைப்பட்டியலைச் சேர்க்க உட்காருகிறோம். அந்தப் பக்கத்தின் எழுத்துரு பழசாகத் தெரிகிறது. புது எழுத்துரு தேடுகிறோம். அதற்கு ஏற்ற நிறம் தேடுகிறோம். அதற்குள் புதிதாக ஒரு ஃப்ரேம்வொர்க் வந்திருப்பதாக யாரோ சொல்கிறார்கள். இரவு 2 மணிக்குப் பார்த்தால் முகப்புப் பக்கம் அழகாக இருக்கிறது. விலைப்பட்டியல் மட்டும் ஏறவில்லை. இதில் மோசமானது என்னவென்றால், இது வேலை போலவே இருக்கிறது. டி.வி. பார்த்தால் மனசு உறுத்தும். ரீடிசைன் செய்தால் உறுத்தாது.

தொழிலில் தெரிந்த நண்பர் ஒருவர் தன் சொந்த சைட்டை ஒரே வருடத்தில் மூன்று முறை பிரித்துப் போட்டார். அந்த வருடத்தில் பாதி நாள் அங்கே "விரைவில் வருகிறோம்" என்ற பலகைதான் தொங்கியது. வேலை கொடுக்க நினைத்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு வேறு ஆளிடம் போனார்கள்.

பெரிய நிறுவனங்களும் இந்த ஆசைக்குத் தப்பவில்லை. நெட்ஸ்கேப் பிரவுசரை நினைவிருக்கிறதா? அதன் 4வது பதிப்பு 1997ல் வந்தது. பிறகு பழைய புரோகிராமை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து புதிதாக எழுதலாம் என்று முடிவெடுத்தார்கள். 5வது பதிப்பு வெளிவரவே இல்லை. 6வது பதிப்பு வந்தது 2000 நவம்பரில். அதற்குள் பெரும்பாலோர் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்குப் போய்விட்டார்கள். அந்த ஆண்டு ஏப்ரலிலேயே ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற புரோகிராமர் இதைக் கண்டித்து எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. பழைய புரோகிராம் அசிங்கமாகத் தெரிவதற்குக் காரணமே அதில் சேர்ந்திருக்கும் திருத்தங்கள்தான், ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னாலும் எப்போதோ யாரோ பட்ட ஒரு சிரமம் இருக்கிறது என்பது அவர் வாதம்.

நம் ஊர் சைட்டுகளுக்கும் இது பொருந்தும். ஒரு கல்யாண மண்டபத்தின் சைட்டில், முகப்புப் படத்துக்கு மேலே, சிவப்பு எழுத்தில் "மாடி ஹாலுக்கு லிஃப்ட் இல்லை" என்று ஒரு வரி இருந்தது. பார்க்க நன்றாக இல்லைதான். புதிதாக டிசைன் செய்தவர் அதை எடுத்துவிட்டு ஒரு பூமாலைப் படத்தைப் போட்டார். மறுவாரமே போன் வரத் தொடங்கியது. "பாட்டி மாடி ஏற மாட்டாங்க, லிஃப்ட் இருக்கா?" என்று பத்துப் பேரிடம் பதில் சொல்லிச் சலித்துப் போய்த்தான் மேனேஜர் அந்த வரியைப் போடச் சொல்லியிருந்தார். இது டிசைனருக்குத் தெரிய வாய்ப்பில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

முகவரி விஷயம் இதைவிடக் கொடுமை. ஒரு சித்த மருந்துக் கடைக்காரர் தன் பாட்டில் லேபிள்களில், மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லும் பக்கத்தின் இணைய முகவரியை அச்சடித்திருந்தார். அடுத்து வந்த டிசைனர் சைட்டைப் புதிய முறைக்கு மாற்றியபோது எல்லாப் பக்கங்களின் முகவரியும் மாறிவிட்டது. பாட்டில்கள் கடைகளுக்குப் போயாகிவிட்டன. லேபிளைப் பார்த்து முகவரியை அடித்தால் 404 பிழைதான் வருகிறது. வெப்பைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே, நல்ல முகவரி என்பது மாறாத முகவரி என்று விளக்கி எழுதியிருக்கிறார். நம்மில் எத்தனை பேர் அதைக் காதில் வாங்கினோம்?

அப்படியானால் எப்போதுமே இடிக்கக் கூடாதா? இடித்தே தீர வேண்டிய சைட்டுகளும் இருக்கின்றன. முழுக்க ஃபிளாஷில் செய்த சைட் என்றால் வேறு வழியில்லை. அடோபி 2020 டிசம்பர் 31 உடன் ஃபிளாஷ் பிளேயருக்கு ஆதரவை நிறுத்திவிட்டது. இன்னொரு வகை, பழைய தமிழ் சைட்டுகள். யூனிகோட் பரவுவதற்கு முன்பு பாமினி, தாப், திஸ்கி என்று ஆளுக்கொரு எழுத்துரு முறையில் தட்டச்சு செய்து, டைனமிக் ஃபான்ட் இணைத்து வெளியிட்டார்கள். அந்த டைனமிக் ஃபான்ட் இன்றைய பிரவுசர்களில் வேலை செய்யாது. திறந்தால் ஏதோ கிறுக்கல் தெரியும். தேடல் தளங்களுக்கும் அது தமிழாகத் தெரியாது. கோவில் வரலாறு, சிறுகதைகள், ஊர்ச் செய்திகள் என்று எவ்வளவோ இப்படிப் புதைந்து கிடக்கின்றன.

இதை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுப்பது நல்ல வேலை, மரியாதையான வேலை. ஆனால் கன்வர்ட்டரில் போட்டு எடுத்தால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். பக்கம் முழுவதையும் மொத்தமாக மாற்றினால் நடுவில் ஆங்கிலத்தில் இருந்த ஈமெயில் முகவரியும் கம்பெனி பெயரும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். வரிக்கு வரி படித்துத்தான் சரிசெய்ய வேண்டும். வாடிக்கையாளரிடம் கூலி பேசும்போதே இந்தப் பிழைதிருத்தும் நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள்.

மற்ற சைட்டுகளுக்கு வெள்ளையடிப்பே போதும். "அதில் என்ன சார் காசு வரும்?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30,000 ரூபாய்க்கு ஒரு ரீடிசைன் ஒப்புக்கொள்கிறீர்கள். பாதி முன்பணம் வரும். பிறகு "பக்கத்துக் கடை சைட்டில் ஏதோ ஆடுகிறதே, நமக்கும் அது மாதிரி வேணும்" என்பார் முதலாளி. அவர் மச்சானுக்கு நிறம் பிடிக்காது. ஒரு மாத வேலை நான்கு மாதம் இழுக்கும். மீதிப் பாதி வருமா என்பது முதலாளியின் மனசைப் பொறுத்தது. அதற்குப் பதில் மாதம் 1,500 ரூபாய்க்குப் பராமரிப்பு என்று 10 வாடிக்கையாளர்களைப் பிடித்தால் மாதம் 15,000. பெரிய பணமில்லைதான். ஆனால் ஒன்றாம் தேதி வீட்டு வாடகைக்கு அது உதவும். "இவன் வீட்டில் உட்கார்ந்து என்னதான் செய்கிறான்" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கும் மாதாமாதம் வரும் பணம் ஒன்றுதான் புரியும்.

வெள்ளையடிக்கும் முன் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன் செய்கிறவர்கள் அதிகமாக என்ன கேட்கிறார்கள்?" பெரும்பாலும் கடை நேரம், வழி, விலை, ஞாயிற்றுக்கிழமை திறப்பீர்களா என்பதாகத்தான் இருக்கும். இந்தப் பதில்களை முகப்புப் பக்கத்தில் மேலே கொண்டு வாருங்கள். போன் நம்பரைப் படமாகப் போட்டிருந்தால், தொட்டவுடன் அழைப்பு போகும்படி எழுத்தாக மாற்றுங்கள். பெரிய படங்களின் அளவைக் குறையுங்கள். பிறகு விலை குறைந்த மொபைல் ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்று திறந்து பாருங்கள். வீட்டு பிராட்பேண்டில் எல்லா சைட்டும் வேகமாகத்தான் வரும். ஒரு சமயத்தில் ஒரு பக்கம் மட்டும் மாற்றுங்கள். எந்த மாற்றத்தால் போன் கூடியது, எதனால் குறைந்தது என்று அப்போதுதான் தெரியும்.

முகவரியை மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால், முதலில் பழைய முகவரிகள் அனைத்தையும் ஒரு எக்செல் ஃபைலில் பட்டியல் போடுங்கள். எதிரே புதிய முகவரிகளை எழுதி, 301 ரீடைரக்ட் கொடுத்துவிடுங்கள். பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய இடத்துக்குத் தானாக அனுப்பும் ஏற்பாடு இது. இதைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். என்னைக் கேட்டால் கடைசி பாட்டில் விற்கும் வரை எடுக்கவே வேண்டாம். சில கிலோபைட்தானே, சர்வரில் அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.