புது வண்டி எண்ணெய் குடிப்பது ‘சகஜமா’?

பழைய லாரி எண்ணெய் குடிக்கிறது என்றால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ஓடி ஓடித் தேய்ந்த என்ஜின். ரிங் தேய்ந்திருக்கும், சிலிண்டரும் தேய்ந்திருக்கும். டிரைவர் தம் சீட்டுக்குப் பின்னால் ஒரு டின் எண்ணெய் வைத்துக்கொண்டு காலத்தைத் தள்ளுவார். ஆனால், வாங்கி மூன்று வருஷம்கூட ஆகாத கார், தவணைப் பணமே கட்டி முடியாத கார், மாதம் ஒரு லிட்டர் எண்ணெய் குடித்தால்? அதை விற்றவனிடமே கொண்டுபோய்க் காட்டும்போது, “இது சகஜம், எங்கள் அளவுக்குள்தான் இருக்கிறது” என்று அவன் பதில் சொன்னால்?

அமெரிக்காவில் 2007 முதல் 2014 வரை தயாரான பல கம்பெனிகளின் வண்டிகளை வாங்கியவர்களுக்குக் கிடைத்த பதில் இதுதான். இந்தச் ‘சகஜம்’ என்ற ஒரு சொல்லைத்தான் நாம் இங்கே விசாரிக்க விரும்புகிறோம். என்ஜினில் இருந்த கோளாறைவிட இந்தச் சொல்லில் இருக்கும் கோளாறு பெரிது என்பது நம் அபிப்ராயம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2015-ஆம் வருஷம் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ என்ற அமெரிக்க நுகர்வோர் பத்திரிகை, 2010 முதல் 2014 வரையிலான மாடல்களில் 4,98,900 வண்டிகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டி வெளியிட்டது. ஆடி, பி.எம்.டபிள்யூ., சுபாரு ஆகிய கம்பெனிகளின் சில என்ஜின்கள் அளவுக்கு மீறி எண்ணெய் குடிப்பதாக அதில் தெரியவந்தது. கம்பெனிகள் என்ன சொல்லின? 1,000 முதல் 1,200 மைலுக்கு ஒரு குவார்ட்டு போனால் சரிதான் என்றது சுபாரு. ஆடி, பி.எம்.டபிள்யூ. கம்பெனிகளின் சில வண்டிகளுக்கோ 600, 700 மைலுக்கு ஒரு குவார்ட்டு போனாலும் நியாயமே என்று அளவு வைத்திருந்தார்கள். ஒரு குவார்ட்டு என்பது நம் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு லிட்டர்.

நான்கு சிலிண்டர் என்ஜினின் சம்ப்பில் மொத்தம் நான்கு அல்லது ஐந்து குவார்ட்டு எண்ணெய்தான் பிடிக்கும். எண்ணெய் மாற்றுவதற்கு 5,000 மைல் தவணை என்று வைத்துக்கொள்வோம். 1,200 மைலுக்கு ஒரு குவார்ட்டு என்றால், அந்தத் தவணைக்குள் நான்கு குவார்ட்டுக்கு மேல் போய்விடும். அதாவது, கம்பெனியின் ‘சகஜ’ அளவுப்படி ஓடும் வண்டியில், இடையே யாரும் எண்ணெய் ஊற்றாவிட்டால், மாற்றும் நாள் வரும்போது வடிப்பதற்கே எண்ணெய் இருக்காது! இதைச் சகஜம் என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்!

அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் காட்டியது. பெரும்பாலான வண்டிகளுக்கு இடையில் எண்ணெய் ஊற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை. சகஜம் என்றால் பெரும்பாலானவற்றில் இருப்பதல்லவா? சில என்ஜின்களில் மட்டும் இருப்பதற்குச் சகஜம் என்றா பெயர்? அதற்குப் பெயர் கோளாறு.

கம்பெனிகளின் வாதத்தில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. எந்த என்ஜினும் கொஞ்சம் எண்ணெயை எரிக்கத்தான் செய்யும். புது என்ஜினில் ரிங்குகள் சிலிண்டரோடு ஒட்டி அமரும் வரை சற்றுக் கூடுதலாகவும் போகலாம். மலைப்பாதையில் பாரம் இழுத்தால் போகலாம். ஆனால், ‘கொஞ்சம்’ என்பது 600 மைலுக்கு ஒரு லிட்டராக எப்படி ஆயிற்று?

எண்ணெய் எங்கே போகிறது?

பிஸ்டனில் மேலே இரண்டு ரிங்குகள் இருக்கும். அவை வெடித்த வாயு கீழே இறங்காமல் காப்பவை. அவற்றுக்குக் கீழே இருப்பது ஆயில் ரிங். சிலிண்டர் சுவரில் படியும் எண்ணெயை வழித்து, சிறு துவாரங்கள் வழியாகச் சம்ப்புக்குத் திருப்பி அனுப்புவது இதன் வேலை. இந்த ரிங் சுவரை எவ்வளவு இறுக்கமாக அழுத்துகிறதோ அவ்வளவுக்கு உராய்வு கூடும். உராய்வு கூடினால் பெட்ரோல் செலவும் கூடும். ஆகவே மைலேஜைக் கூட்ட ரிங்குகளின் இறுக்கத்தைக் குறைத்தார்கள், எண்ணெயையும் நீர்த்ததாக்கினார்கள். தவறென்று சொல்வதற்கில்லை, சரியாகச் செய்தால் நல்ல வேலைதான். ஆனால் பிஸ்டனின் துவாரங்கள் போதாமல், ரிங்கும் தளர்ந்து, அந்த இடத்தில் கரி கட்டிக்கொண்டால் என்ன ஆகும்? துவாரம் அடைபடும், ரிங் ஒட்டிக்கொள்ளும், வழிக்கப்படாத எண்ணெய் மேலே ஏறிப் பெட்ரோலோடு சேர்ந்து எரியும்.

மைலேஜ் சோதனையில் பெட்ரோலைத்தான் அளக்கிறார்கள். வண்டி குடிக்கும் எண்ணெயை அந்த எண்ணில் யாரும் சேர்ப்பதில்லை. மைலேஜ் விளம்பரத்தின் லாபம் கம்பெனிக்கு, எண்ணெய் டின் வாங்கும் செலவு சொந்தக்காரருக்கு.

‘பின்னால் நீலப் புகை வருமே, அதிலேயே தெரிந்துவிடாதா?’ என்று கேட்கலாம். பழைய வண்டியில் தெரியும். இன்றைய வண்டியில் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டர் அந்தப் புகையைப் பெருமளவு எரித்து மறைத்துவிடுகிறது. ஆனால், எண்ணெயில் கலந்துள்ள பாஸ்பரஸ் படிந்து படிந்து அந்தக் கன்வர்ட்டரே நாளடைவில் செயலிழக்கும். முதலில் எண்ணெய்ச் செலவு, பிறகு அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கன்வர்ட்டர்.

‘சிவப்பு விளக்கு எரியுமே?’ என்று இன்னொருவர் கேட்கலாம். இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பல வண்டிகளில் அந்த விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவது அல்ல, அழுத்தத்தைக் காட்டுவது. பம்ப்புக்கு எண்ணெய் எட்டாமல் போனால்தான் அழுத்தம் விழும். அப்போதுதான் விளக்கு எரியும். அதற்குள் பேரிங்குகளுக்கு நேர வேண்டியது நேர்ந்திருக்கும்.

டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்ப்பதுதான் வழி. ஆனால் சில உயர்ந்த விலை வண்டிகளில் டிப்ஸ்டிக்கையே எடுத்துவிட்டார்கள்! பி.எம்.டபிள்யூ. வண்டிகள் பலவற்றில் எண்ணெயின் அளவைத் திரையில்தான் பார்க்க முடியும். தன் வண்டியில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு கம்பியையும் கந்தல் துணியையும் கொண்டு தானே பார்த்துக்கொள்ளும் வசதிகூட மனிதனுக்கு இல்லாமல் போய்விட்டது.

பி.எம்.டபிள்யூ. வாங்கியவருக்காக நாம் கண்ணீர் விட வேண்டுமா என்று வாசகர்கள் முணுமுணுப்பது நம் காதில் விழுகிறது. வேண்டாம். அவர் வக்கீல் வைத்துக்கொள்வார். இதே கோளாறு டொயோட்டா கேம்ரியிலும் இருந்தது. பஸ் வசதி இல்லாத அமெரிக்க ஊர்களில், கார் இல்லாவிட்டால் வேலைக்கே போக முடியாத ஒரு தொழிலாளி இரண்டாம் கையாக வாங்கும் வண்டி அது. நமக்கு அவரைப் பற்றித்தான் கவலை.

யாருக்கு எப்போது தெரிந்தது?

டொயோட்டாவின் 2.4 லிட்டர் என்ஜின் ஒன்று, 2AZ-FE என்பது அதன் பெயர். கேம்ரியிலும் வேறு சில மாடல்களிலும் இருந்தது. 2011-ஆம் வருஷம் கம்பெனி தன் டீலர்களுக்கு ஒரு சர்வீஸ் புல்லட்டின் அனுப்பியது. இந்த என்ஜின்கள் சிலவற்றில் எண்ணெய் குறையக்கூடும், அதைக் குறைப்பதற்காகப் பிஸ்டன் மாற்றியமைக்கப்பட்டிருக்கிறது என்று அதில் கண்டிருந்தது. பிஸ்டனையே மாற்றி வடிவமைத்த பிறகு அது சகஜம் என்று எப்படிச் சொல்ல முடியும்? நோய் இல்லாதவனுக்கு யாராவது மருந்து தயாரிப்பார்களா?

இந்த வண்டிகளின் என்ஜின் வாரண்டி 5 வருஷம் அல்லது 60,000 மைல். 2007-ல் வாங்கியவருக்கு 2012-ல் முடிந்துவிட்டது. வாரண்டியை நீட்டிக் கம்பெனி சொந்தக்காரர்களுக்குக் கடிதம் எழுதியது 2015-ல். இடைப்பட்ட வருஷங்களில் எத்தனை பேர் மாதா மாதம் டின் வாங்கி ஊற்றியிருப்பார்கள், எத்தனை பேர் வண்டியை வந்த விலைக்குத் தள்ளியிருப்பார்கள்! புதுத் திட்டப்படி வாரண்டி 10 வருஷம் அல்லது 1,50,000 மைலாக நீண்டது. முன்பு சொந்தப் பணத்தில் பழுது பார்த்தவர்களுக்கு அதைத் திருப்பித் தரவும் ஏற்பாடு இருந்தது. அதை நாம் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் 1,200 மைலுக்கு ஒரு குவார்ட்டு என்ற சோதனையில் தோற்ற வண்டிக்குத்தான் புதுப் பிஸ்டன்.

சுபாரு கதையும் இதன் தம்பிதான். 2014-ல் நியூ ஜெர்ஸியில் சொந்தக்காரர்கள் எல்லோர் சார்பிலும் ஒரே வழக்காகப் போட்டார்கள். 2016-ல் சமரசம் ஏற்பட்டது. வாரண்டி 8 வருஷம் அல்லது 1,00,000 மைலாக நீண்டது. ஜெனரல் மோட்டார்ஸ் விஷயம் கோர்ட்டு வரை போய் ஜூரியின் முன் நின்றது. 2011 முதல் 2014 வரையிலான மாடல் டிரக்குகளில் இருந்த 5.3 லிட்டர் என்ஜினைப் பற்றி 2016-ல் வழக்குப் போட்டார்கள். 2022 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ ஜூரி, மூன்று மாநிலங்களின் சொந்தக்காரர்களுக்கு மொத்தம் 10 கோடியே 26 லட்சம் டாலர், ஆளுக்கு 2,700 டாலர் தர வேண்டும் என்று முடிவு சொன்னது. ஆறு வருஷம்! அதற்குள் அந்த டிரக்குகளில் எத்தனை கைமாறியிருக்கும்!

தனியாகப் போனவரிடம் சகஜம் என்று சொன்னவர்கள், ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து போனதும் வாரண்டியை நீட்டினார்கள்.

சோதனை என்னும் பொறி

எண்ணெய் குறைகிறது என்று டீலரிடம் போனால், நிரப்பிச் சீல் வைத்து, ஆயிரம், ஆயிரத்திருநூறு மைல் ஓட்டிவிட்டு வரச் சொல்வார்கள். முறை சரியானதே, அளக்காமல் பழுது பார்க்க முடியாது. ஆனால் 1,200 மைலில் முக்கால் குவார்ட்டு குறைந்திருந்தால் ‘தேறிவிட்டது’ என்று திருப்பி அனுப்புவார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி போக வேண்டும். இப்படி இரண்டு தடவை நடந்தால் வாரண்டியே முடிந்துபோகும். கம்பெனிக்குக் காலம் லாபம்.

ஆகவே சொந்தக்காரர் தாமே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டி நிறுத்தி ஐந்து, பத்து நிமிஷம் கழித்து, சமதரையில், கூடியவரை ஒரே இடத்தில் டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். தேதி, மைல், அளவு, ஊற்றியது எவ்வளவு என்று எழுத வேண்டும். எண்ணெய் வாங்கிய ரசீதை எறியக் கூடாது. மேல் கோட்டுக்கு மேலே ஊற்றவும் கூடாது. மிதமிஞ்சிய எண்ணெய் நுரைத்து இன்னும் அதிகமாகத்தான் போகும். வெளியே ஒழுகுகிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். பி.சி.வி. வால்வு அடைபட்டிருந்தாலும் எண்ணெய் போகும். அது அற்ப விலை, மாற்றிப் பார்த்துவிடலாம். வாரண்டி இருக்கும்போது சொந்த யோசனையில் கெட்டி எண்ணெய்க்கு மாறுவதும், கடையில் விற்கும் ‘எண்ணெய் நிறுத்தும்’ மருந்தை ஊற்றுவதும் வேண்டாம். கைகழுவக் காத்திருப்பவனுக்கு அது நல்ல சாக்கு.

எல்லாவற்றுக்கும் மேலாக, புகாரை வாய்ப்பேச்சாக விடக் கூடாது. வாரண்டி முடிவதற்கு முன்பே, மைல் எண்ணோடு, டீலரின் வேலைச் சீட்டில் எழுத வைத்து நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் வாதாடும்போது அந்தச் சீட்டு ஒன்றே பேசும். கம்பெனிகள் டீலர்களுக்கு அனுப்பும் புல்லட்டின்களை அமெரிக்க சர்க்காரின் சாலைப் பாதுகாப்பு இலாகா வாங்கி வைத்து வெளியிடுகிறது. தம் என்ஜினைப் பற்றி அதில் ஏதும் உண்டா என்று தேடிப் பார்த்துவிட்டுப் போனால் ‘சகஜம்’ என்ற பேச்சு அவ்வளவு எளிதில் வராது. கன்வர்ட்டர் கெட்டால் அதற்குத் தனி வாரண்டி உண்டு. சட்டப்படி 8 வருஷம் அல்லது 80,000 மைல். இதைத் தெரியாமல் கைப்பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவும் வாங்கியவர் செய்ய வேண்டியவை. விற்பவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ‘சகஜ’ அளவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? பணம் கட்டி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு புரட்டும் கையேட்டில், நடுப் பக்கம் ஒன்றில். அமெரிக்காவில் 1958-ஆம் வருஷச் சட்டப்படி ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் விலைச் சீட்டு ஒட்டியாக வேண்டும். இன்று மைலேஜ் எண்ணும் கொட்டை எழுத்தில் அங்கே இருக்கிறது. அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே, ‘இந்த வண்டி 600 மைலுக்கு ஒரு குவார்ட்டு எண்ணெய் குடிக்கலாம், அதை நாங்கள் கோளாறாகக் கருத மாட்டோம்’ என்று இன்னொரு வரியும் அச்சிடச் சட்டம் கட்டாயப்படுத்தட்டும். அதைப் படித்த பிறகு எத்தனை பேர் கையெழுத்துப் போடுகிறார்கள், பார்ப்போம்.